குடல் கேமராவுக்கு முன்: விட்டுவிடக் கூடாத இரண்டாவது பாட்டில்

கொலனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலைக் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை என்றாலே கருவியை நினைத்துத்தான் பயம். அது விரல் பருமனுள்ள, வளையும் குழாய். நீளம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். நுனியில் விளக்கும் கேமராவும். உள்ளே ஓடும் வழியில் கம்பிச் சுருக்கை விட்டு, பாலிப்பை (குடல் சுவரில் வளரும் சிறு சதையை) அங்கேயே அறுத்தெடுக்கலாம். ஆனால் பரிசோதனை வீணாவது பெரும்பாலும் குடல் சுத்தமாகாததால்தான்.

மொரிஷியஸில் நம் வீடுகளில் பருப்பு, முருங்கைக்கீரை, டால் பூரி இல்லாத வாரம் ஏது? நல்ல சாப்பாடுதான். ஆனால் கீரை நாரும் விதையும் கருவியின் உறிஞ்சு குழாயை அடைக்கும். எனவே பரிசோதனைக்கு முன் மூன்று நாள் வெள்ளைச் சோறு, முட்டை, மீன், தோல் சீவிய உருளைக்கிழங்கு போதும். காவடி விரதத்தில் இருப்பவர்களுக்குத் தயிர்ச்சோறு. முந்தைய நாள் தெளிந்த நீராகாரம் மட்டுமே: பால் சேர்க்காத தேநீர், வடிகட்டிய சூப், ஆப்பிள் சாறு. அலூடா வேண்டாம். பால், விதை, சிவப்பு சிரப் மூன்றும் அதில் உண்டு. சிவப்புச் சாயம் திரையில் இரத்தம்போலத் தெரியும்.

பேதி மருந்து நான்கு லிட்டர் என்றால், வழக்கமாக மாலையில் இரண்டு, காலையில் இரண்டு. கால் மணி நேரத்துக்கு ஒரு கோப்பையாகக் குடியுங்கள். பஸ்ஸில் அவசரம் வந்துவிடுமோ என்று காலைப் பங்கை, அதாவது இரண்டாவது பாட்டிலை, பலர் விட்டுவிடுகிறார்கள். கெடுதல் அங்கேதான். இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீரும் சளியும் பெருங்குடலின் வலப்பக்கத்தில் படியும்; தட்டையான பாலிப்புகள் அதனடியில் மறைந்துவிடும். காலைப் பங்கைப் பரிசோதனைக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் முன்பு தொடங்கி, இரண்டு மணி நேரம் முன்பே முடியுங்கள். தூரத்திலிருந்து வருபவர்கள் பிற்பகல் நேரம் கேளுங்கள்.

சர்க்கரை நோய் நம்மிடையே அதிகம் என்பதால் இதையும் அழுத்திச் சொல்கிறோம். பட்டினியில் கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் குறைக்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரை இன்னும் ஏமாற்றும்: சர்க்கரை அளவு சரியாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறலாம். அதை வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரைகளையும் தேதி வாங்கும்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் ஒரு வாரம் முன்பே நிறுத்தலாம். அது மலத்தைக் கருப்பாக்கி, குடலில் ஒட்டவைக்கும்.

கடைசியில் பேதியாகப் போவது சிறுநீர்போல் தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டும். இன்னும் பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தால், மயக்க ஊசி போடுமுன் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள்.