ஜேர்சியோடு மலைத் தீயை அணைக்கப் போகாதீர்கள்

கொழும்பில் தீக்காய நோயாளிகளோடு வேலை செய்கிற இயன்மருத்துவர் நான். புண் ஆறும்போது தோல் சுருங்கி இறுகிவிடும், அதை மெல்ல மெல்ல இழுத்து, மடங்கிப்போன முழங்கையை நீட்டவைப்பதுதான் என் நாளாந்த வேலை. இந்தக் கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் ஊவாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எங்கள் வாட்டுக்கு வந்தவர்களில் நேற்று வந்த தம்பி மூன்றாவது ஆள். மூன்று பேரில் ஒருவர்கூட மலைக்குத் தீ வைத்தவர் இல்லை, அணைக்கப் போனவர்கள். மூன்று பேரும் போன கோலமும் ஒன்றுதான்: கழகத்து ஜேர்சி, பொலியெஸ்டர் காற்சட்டை, இறப்பர்ச் செருப்பு. நேற்று வந்தவரின் தோளில் ஜேர்சியின் தையல் ஓடிய இடம் அப்படியே கோடாகப் பதிந்திருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அடியில்தான் காயம் ஆழம்.

பொலியெஸ்டர் ஏறக்குறைய 250 பாகை செல்சியசில் உருகும், உருகினால் தோலில் ஒட்டும். இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை. பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது வேறொன்று. "நெருப்பு என்னைத் தொடவே இல்லை மிஸ், நான் தள்ளித்தான் நின்றேன்." மூன்று பேரும் சொன்னார்கள், கூட வந்த அம்மாமாரும் அதையே சொன்னார்கள். தீக்கொழுந்து மேலே பட்டால்தான் சுடும் என்று எல்லோரும் நம்புகிறோம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். விறகு அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்ததும் இரண்டு எட்டுத் தள்ளி நிற்பவர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். அங்கே கொழுந்து யாரையும் தொடவில்லை, சூடான காற்றும் பெரிதாக வெளியே வரவில்லை. வெயில் நம்மைச் சுடுவது போலத்தான், வெப்பம் நேர்கோட்டில் பாய்ந்து வந்து தோலில் விழுகிறது. அந்த அடுப்பு வாய் ஒரு ஆள் அகலம்கூட இல்லை. ஆளுயர மானாப்புல் ஐம்பது அடி அகலத்துக்குச் சேர்ந்து எரிந்தால் அது எத்தனை அடுப்பு வாய் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். காட்டுத்தீயில் கொழுந்து வந்து சேருமுன்பே இந்த வெப்பம் ஆளைக் கொன்றுவிடும். பாறை, மண்மேடு, சுவர் என்று கனமான ஏதாவது குறுக்கே இருந்தால்தான் அது நிற்கும். மெல்லிய ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டால் போதும் என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள், அந்த ஈரமே ஆவியாகி அவித்துவிடும். மூக்கில் கட்டிய ஈரத்துணி புகையின் நச்சு வாயுவையும் தடுக்காது.

என் அத்தான் அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் கிராமத் தீயணைப்புச் சேவையில் தொண்டர். அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 70,000க்கு மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள், சம்பளம் கிடையாது. ஆனால் பயிற்சி முடிக்காமல், அதற்கென்று தைத்த உடுப்பு போடாமல் ஒருவரையும் தீக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள் என்று அத்தான் சொல்வார். அங்கேயும் பட்டுத்தான் படித்தார்கள். பக்கத்து மாநிலமான விக்டோரியாவில், 1998 டிசம்பர் 2ஆம் திகதி, லிண்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் காற்றுத் திசை திரும்பி, அதுவரை பக்கவாட்டில் எரிந்துகொண்டிருந்த தீ அப்படியே முன்னேறிப் பாயும் முகப்பாகிவிட்டது. தீயணைப்பு வண்டி ஒன்றில் இருந்த தொண்டர்கள் ஐந்து பேரும் இறந்தார்கள். வண்டி, தண்ணீர், உடுப்பு எல்லாம் இருந்தவர்களுக்கே அந்தக் கதி. நம் பிள்ளைகள் கொப்பை முறித்துக்கொண்டு ஏறுகிறார்கள்.

அப்புறம் சரிவு. 10 பாகை ஏற்றத்துக்கு தீயின் வேகம் இரண்டு மடங்காகும், 20 பாகைக்கு நான்கு மடங்கு, இது அங்கே தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. நேற்று வந்த தம்பி தீக்கு மேலே நின்று, அது ஏறி வரட்டும் அடித்துவிடலாம் என்று காத்திருந்திருக்கிறார். அது ஏறி வந்த வேகத்துக்கு அவரால் ஓட முடியவில்லை. தீக்கு மேலே நிற்கவே கூடாது, அது கீழே எரிந்தாலும் சரி, சின்னதாகத் தெரிந்தாலும் சரி. ஏற்கெனவே எரிந்து கருகி அடங்கிய பக்கத்திலிருந்து வேலை செய்யுங்கள். காற்று மாறினால் அந்தக் கருகல் நிலம்தான் தஞ்சம்.

போகத்தான் வேண்டுமென்றால் நீளக்கைப் பருத்திச் சட்டை, நீளமான பருத்திக் காற்சட்டை, தோல் சப்பாத்து. பெண்கள் தேயிலைக் கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். தனியாக யாரும் போகாதீர்கள். முதலில் 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள், பிறகு ஏறுங்கள். லயத்து வீடுகளுக்குத் தீ வராது என்றால் ஏறவே வேண்டாம், புல் மழைக்கு மறுபடி முளைக்கும்.

காயப்பட்டால் பற்பசை வேண்டாம், நெய் வேண்டாம், ஐஸ் வேண்டாம். பீலியில், அதாவது குழாயில், ஓடுகிற தண்ணீர் போதும், 20 நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து. முகம் கழுவுகிற மாதிரி இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள். மலைத் தண்ணீர் குளிரும், அதனால் காயமில்லாத உடம்பைப் போர்த்தி வையுங்கள். மோதிரம், கைச்சங்கிலியை வீங்குமுன் கழற்றுங்கள். ஒட்டிய துணியை இழுக்காதீர்கள், ஒட்டாததை மட்டும் வெட்டி எடுங்கள். சுத்தமான துணியால் மூடி 1990க்கு, அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். மூக்குத் துவாரத்தில் கரி இருந்தாலோ குரல் கரகரத்தாலோ, வெளியே காயமே தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், உள்ளே வீங்கத் தொடங்கினால் மூச்சு அடைத்துவிடும்.

தம்பிக்குத் தோல் ஒட்டும் சத்திரசிகிச்சை வருகிற கிழமை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நானும் அவரும் அந்தத் தோளோடு மல்லுக்கட்ட வேண்டும். கழகத்தில் அவர் பந்து வீசுகிறவராம். இன்று காலை கையை எவ்வளவு தூக்க முடிகிறது என்று பார்த்தேன். காது மட்டத்துக்கு வரவில்லை.