மிதி மெஷினை யாருக்கு குடுத்துட்டு வாறீங்க?

போன வாரமும் ஒண்ணு. பனையேறப் போயி விழுந்து தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழ அசைவே இல்லாத பையன். அவனுக்கு சால்வை போட்டு போட்டோ எடுத்து ஒரு தையல் மெஷின் குடுத்துட்டுப் போயிருக்காங்க. காலால மிதிக்கிற மெஷின்! நான் போறப்ப அது மேல ஈரத்துணி காயுது. பாளையங்கோட்டை பக்கம் பல வருசமா ஆக்குபேஷனல் தெரபிஸ்டா இருக்கேன், அதாவது உடம்பு முடியாதவங்களுக்கு அன்றாட வேலையையும் தொழிலையும் செய்யப் பழக்கிவிடுற வேலை. இந்த மாதிரி மெஷினை எண்ணுறதயே விட்டுட்டேன்.

குடுத்த அண்ணாச்சிக்கு போன் போட்டேன். நல்ல மனுசர்தான். "பாவம்லாம்மா, ஏதோ நம்மளால ஆனது"ன்னாரு. இந்த பாவம்தான் எனக்கு ஆகவே ஆகாது. பாவம்னு நெனச்சா பொருளை இறக்குனதும் நம்ம வேலை முடிஞ்சிரும். வேலைக்காரன்னு நெனச்சாதான் இவனுக்கு தையல் பிடிக்குமா, துணி யாரு கொண்டாந்து குடுப்பா, வீல்சேர் வாசப்படி தாண்டுமா, உக்காந்தே இருந்தா புண்ணு வருமே நல்ல குஷன் இருக்கான்னு அடுத்தடுத்து கேக்கத் தோணும். தையல்னே வச்சுக்கிட்டாலும், கையால இயக்குற ஸ்விட்ச் வச்ச மோட்டார் மெஷினும், கூட இருந்து பழக்கிவிட ஒரு டெய்லரும் வேணும். அந்த டெய்லர் சம்பளத்துக்கு பணம் கேட்டாதான் ஒருத்தரும் வரமாட்டேங்காங்க.

நம்ம ஆய்க்குடியில மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தை 1981ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் ஐயா, கழுத்துக்குக் கீழ செயலிழந்தவர். அவருக்கும் பாவம்னு அரிசி மூட்டையை இறக்கிட்டு போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிங்க.

வேலை குடுக்கவங்களுக்கும் சொல்லுதேன், பாதி சம்பளம் குடுத்துட்டு தர்மம்னு சொல்லாதீங்க. அதே வேலைக்கு அதே கூலி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில 4 சதவீதம் இவங்களுக்கு இருக்கு, அது உரிமை, யாரும் போட்ட பிச்சை இல்ல.

டிரஸ்ட்டுக்கு குடுக்கவங்க, எத்தனை மெஷின் குடுத்தீங்கன்னு கேக்காதீங்க. எத்தனை பேரு வேலைக்கு சேந்தாங்க, ஆறு மாசம் கழிச்சும் எத்தனை பேரு போறாங்கன்னு கேளுங்க. நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை வேணும்னா 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுக்காதீங்க, பேங்க் வழியா அனுப்பி ரசீது வாங்கிருங்க.

அந்தப் பையன்ட்ட என்ன வேலைப்பா பிடிக்கும்னு கேட்டேன். செல்போன் சர்வீஸ்னான். இதுவரைக்கும் யாரும் கேக்கலையாம். டவுன்ல ஒரு கடைக்காரர் வாசல்ல சாய்தளம் போட்டா சேத்துக்கிடுதேன்னு சொல்லிருக்காரு. இப்ப வேண்டியது ரெண்டு மூடை சிமெண்டும் கொத்தனார் கூலியும்தான்.