ஐந்து மாதம், ஆறு கேள்வி

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். அரசு அலுவலகத்தில் வேலை ஏன் இப்படி இழுக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரு கோப்பு நினைவுக்கு வரும்.

ஒரு பெண் வாரிசுச் சான்று கேட்டுக் கொடுத்த மனு அது. கணவர் லாரி ஓட்டுநர், மாரடைப்பில் போய்விட்டார். வங்கியில் அவர் பெயரில் இருந்த பணத்தை எடுக்கச் சான்று வேண்டும். நான் அந்த அலுவலகத்தில் பொறுப்பேற்ற முதல் வாரம் அந்த அம்மா வந்து நின்றார். கோப்பைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஐந்து மாதம் ஆகியிருந்தது. குறிப்புத் தாளில் ஆறு கேள்விகள்.

குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் மகன் பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்று கிராம நிர்வாக அலுவலர் கேட்டிருந்தார். விளக்கம் வந்தது. இறந்தவருக்கு வேறு திருமணம் உண்டா என்று வருவாய் ஆய்வாளர் கேட்டார். அதற்கும் பதில் வந்தது. அப்புறம் மண்டலத் துணை வட்டாட்சியர்: இறந்தவரின் தாயார் உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் இறப்புச் சான்று எங்கே? சட்டப்படி சரியான கேள்விதான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆனால் அந்தப் பாட்டி இறந்து பல வருடமாகிறது, பதிவே செய்யவில்லை. ஓராண்டு தாண்டிய இறப்பைப் பதிவு செய்யக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்குத் தனி மனு, தனி விசாரணை. அங்கேயே இரண்டு மாதம் போயிருந்தது.

ஆறு கேள்வியிலும் தவறு சொல்ல ஒன்றுமில்லை. ஆறையும் முதல் நாளே ஒரே தாளில் கேட்டிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அந்த அம்மா 50,000 ரூபாயை மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தார். மாதம் 1,500. ஐந்து மாதத்துக்கு 7,500 ரூபாய். அந்தக் கணக்கு எங்கள் கோப்பில் எங்கும் இல்லை.

அந்த மூன்று அலுவலர்களும் சோம்பேறிகள் இல்லை. மூவரும் இரவு எட்டு மணி வரை வேலை பார்த்தவர்கள். அவர்களிடம் இருந்தது பயம். சான்றில் கையெழுத்துப் போட்டு, பிறகு விட்டுப்போன ஒரு வாரிசு கிளம்பி வந்தால், கையெழுத்துப் போட்டவருக்குத்தான் 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் கடிதம், வரும். கேள்வி கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பியவருக்கு 17(பி) வந்து என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. ஓய்வு பெறும் நாளில் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டு, ஓய்வூதியப் பலன்களுக்கு அலைந்தவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே சிலர் எந்த முடிவும் எடுக்காமல் நாளைக் கடத்துகிறார்கள். ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதினால் போதும், கோப்பு கீழே இறங்கிவிடும். என்ன பேசினார்கள் என்பது எங்கும் பதிவாவதில்லை.

அதிகாரிகள் வாய்மொழி உத்தரவை எழுத்தில் பதிய வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்கு முன் அவர்களை இடமாற்றம் செய்யக்கூடாது என்றெல்லாம் உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, அலுவல் முடிவுகளுக்காக ஒருவரை விசாரிக்க முன் அனுமதி வேண்டும் என்று 17ஏ பிரிவைச் சேர்த்தார்கள். தாலுகா அலுவலக மேசை வரை அந்தத் தைரியம் வந்து சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

காலிப் பணியிடம் இன்னொரு பெரிய இடைஞ்சல். ஒரு கிராம நிர்வாக அலுவலரிடம் இன்னும் இரண்டு கிராமம் 'பொறுப்பு' என்றால், அவர் வாரத்தில் எந்த நாள் எந்த ஊரில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆட்சியரிடம் மனு கொடுத்தால் விடிந்துவிடும் என்று நம்பிப் பேருந்து பிடித்து வருகிறார்கள். அந்த மனு கோட்டாட்சியருக்கு வந்து, வட்டாட்சியருக்கு வந்து, கடைசியில் அதே கிராம நிர்வாக அலுவலர் கைக்கே போகிறது. பல சமயம் அவர்மேல் புகார் சொன்ன மனுவே அவரிடம் அறிக்கைக்கு வரும். 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று ஒரு பதில் போனால், கணக்கில் அந்த மனு பைசல். வாராந்திரக் கூட்டத்தில் நிலுவை எத்தனை என்றுதான் கேட்பார்கள். மனுதாரருக்கு வேலை முடிந்ததா என்று கேட்ட மேலதிகாரி என் பணிக்காலத்தில் இரண்டு மூன்று பேர்தான். அவர்கள் இருந்த இடத்தில் அலுவலகமே வேறு மாதிரி இருந்தது.

இணையவழி வந்தபின் சரியாகிவிடும் என்று நானும் நம்பினேன். மனு வேகமாக வருகிறது, அதே வேகத்தில் கேள்வியோடு திரும்பியும் போகிறது. கெடு நெருங்கினால் நிலுவையைக் குறைக்கத் தள்ளுபடி செய்துவிடுவதும் நடக்கிறது.

அந்தக் கோப்புக்குப் பிறகு என் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்தேன். கேட்க வேண்டியதை எல்லாம் முதல் தடவையே கேளுங்கள். இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருந்தால், முதலில் ஏன் கேட்கவில்லை என்று குறிப்பில் எழுதிவிட்டுக் கேளுங்கள். கூடவே, விதிப்படி விசாரித்து நீங்கள் பரிந்துரைத்ததில் பின்னால் பிரச்சினை வந்தால் என் பெயரும் சேர்ந்தே வரும் என்று எழுதியே கொடுத்தேன். ஒரே வேலைக்குத் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறவர்கள் குறைந்தார்கள்.

மனு கொடுத்தவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மனு பெற்றதற்கான ஒப்புகையும், அலுவலகப் பதிவேட்டில் கோப்புக்குத் தரும் ந.க. எண்ணும் கேட்டு வாங்குங்கள். வேலை நகரவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'என் மனு ஏன் தாமதம்' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. எந்தத் தேதியில் எந்த இருக்கைக்கு வந்தது, அங்கிருந்து எந்தத் தேதியில் போனது என்று கேளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் எழுதப்பட்ட குறிப்பின் நகலையும் கேளுங்கள். அப்படி ஒரு கடிதம் என் மேசைக்கு வந்தால், நான் முதலில் செய்தது அந்தக் கோப்பைத் தேடி எடுத்துவரச் சொன்னதுதான்.