கதவு சீலின் காற்று எங்கே தப்பிக்கிறது?

அழுத்த அறை (வெளியைவிடக் கூடுதல் காற்றழுத்தம் வைத்திருக்கும் பயணிகள் அறை) கொண்ட ஒரு சின்ன விமானம் 24,000 அடியில் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கிறது. உயரம் மாறவில்லை, வெப்பநிலையும் மாறவில்லை. ஆனால் கதவு சீலுக்கு, அதாவது கதவின் இடைவெளியை உப்பி அடைக்கும் ரப்பர் குழாய்க்கு, காற்றடிக்கும் குட்டி பம்பு மட்டும் நிமிடத்துக்கு ஒரு தடவை ‘டர்ர்’ என்று ஓடி நிற்கிறது. எங்கோ காற்று ஒழுகுகிறது. பலரும் உடனே ரப்பர் சீலைத்தான் சந்தேகிப்பார்கள். ஒட்டிய சீலைச் சுரண்டி எடுத்துப் புதிதாக ஒட்டுவது லேசான வேலை இல்லை. அதில் கைவைப்பதற்கு முன் வால்வுகளைச் சோதித்துவிடுவது நல்லது. ஒரு கேஜும் (அழுத்தமானி) கடிகாரமும் இருந்தால் போதும்.

அமெரிக்காவில் ஆர்வலர்கள் கிட் (உதிரிபாகத் தொகுப்பு) வாங்கித் தாங்களே கட்டும் விமானங்களில் லான்சேர் IV-பி பேர்பெற்றது. நான்கு பேர் உட்காரலாம், உடல் கார்பன் இழை. இதன் அறைக்குள் வெளியே இருப்பதைவிட சுமார் 5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) கூடுதல் அழுத்தம் வைக்கலாம். 24,000 அடியில் வெளிக்காற்றின் அழுத்தம் 5.7 பி.எஸ்.ஐ.தான். அதோடு 5 சேர்ந்தால் உள்ளே 10.7. அதாவது ஏறத்தாழ 8,500 அடி மலையில் இருப்பதுபோல மூச்சு விடலாம்.

பெரிய பயணிகள் விமானங்கள் பலவற்றில் கதவு அடைப்பான் மாதிரி சட்டத்துக்குள் உட்காரும். உள் அழுத்தம் அதைத் தள்ளத் தள்ள இன்னும் இறுகும். வெளிப்பக்கம் திறக்கும் சின்ன விமானக் கதவில் அந்த வசதி கிடையாது. அரை சதுர மீட்டர் கதவு என்றால்கூட 5 பி.எஸ்.ஐ. அதை சுமார் 1,750 கிலோ எடையின் விசையோடு வெளியே தள்ளும். சட்டமும் கதவும் லேசாக வளைய, இடைவெளி ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். அந்த இடைவெளிக்கு ஏற்ப உப்பி அடைப்பதற்குத்தான் காற்றடைத்த சீல். கதவைப் பிடித்து வைப்பது தாழ்ப்பாள் முளைகள், சீல் இல்லை. இதைக் குழப்பிக்கொள்ளவே கூடாது.

அமைப்பு கட்டுபவருக்குக் கட்டுபவர் மாறும். பொதுவாக ஒரு மின்பம்பு, காற்று திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு, அழுத்தம் குறைந்தால் பம்பை ஓட்டும் பிரஷர் சுவிட்ச், கதவைத் திறக்கும்முன் காற்றை வெளியே விடும் சோலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் இயங்குவது), இவ்வளவுதான். சீலை 12 பி.எஸ்.ஐ.க்கு அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் உள்விட்டம் என்றால் அதன் மொத்தக் கொள்ளளவே கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 12 பி.எஸ்.ஐ. 9 ஆக இறங்க சுமார் 50 மில்லி காற்று போனாலே போதும். கண்ணுக்கே தெரியாத ஒரு தூசி செக் வால்வின் மூடி பதியும் இடத்தில் உட்கார்ந்தால் இந்த வேலையைச் செய்துவிடும்.

இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்பும். கேஜ் காட்டுவது சுற்றியிருக்கும் காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். தரையில் 12 அடித்தால் உள்ளே உண்மையில் இருப்பது 26.7. துளிகூட ஒழுகாமல் மேலே போய், அறை அழுத்தம் 10.7 ஆனால் அதே சீல் 16 காட்டும். குளிர் இதற்கு எதிராக வேலை செய்யும்: 30 டிகிரியில் அடித்த காற்று பூஜ்ஜிய டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 2.6 பி.எஸ்.ஐ. குறையும். இறங்கும்போது கதை தலைகீழ். மேலே 12க்கு நிரப்பிய சீல் தரைக்கு வரும்போது 8தான் காட்டும், அதனால் வழியில் பம்பு ஓடத்தான் செய்யும். அது கோளாறு இல்லை. உயரம் மாறாமல் பறக்கும்போது ஓடினால்தான் கவலைப்பட வேண்டும்.

சரி, தரையில் எப்படிப் பிடிப்பது? கதவை மூடித் தாழிட்ட பிறகுதான் காற்றடிக்க வேண்டும். திறந்த கதவில் அடித்தால் தாங்க எதுவும் இல்லாமல் சீல் கண்டபடி உப்பிக் கிழிந்துவிடும். அடித்து முடித்ததும் சில நிமிடம் சும்மா விடுங்கள். பம்பில் சூடான காற்று ஆறும்போதும், ரப்பர் கொஞ்சம் நீளும்போதும் கேஜின் முள் தானாகவே சற்று இறங்கும். அப்புறம் பம்பை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கேஜ் முள் தொடர்ந்து இறங்கினால் சீலுக்கும் வால்வுகளுக்கும் நடுவே குழாயை அடைத்துவிடுங்கள். கேஜ் சீல் பக்கம் இருக்கட்டும். முள் நின்றுவிட்டால் ரப்பர் நிரபராதி.

அடைப்பை எடுத்துவிட்டு, சோலினாய்டு வால்வின் வெளியேறும் முனையில் ஒரு சிறு குழாயைச் செருகி அதன் நுனியைத் தண்ணீர் டம்ளரில் முக்குங்கள். பஞ்சர் கடைத் தொட்டியில் டியூபைப் பார்ப்பது போலத்தான்: குமிழி வந்தால் ஆள் அங்கே. வராவிட்டால் பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி செக் வால்வின் வாயில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். இணைப்புகளிலும் தடவுங்கள்.

சோலினாய்டு ‘டிக்’ என்று சத்தம் போட்டால் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வால்வுக்குள் இருக்கும் தண்டு நகர்ந்தது என்பதற்கு மட்டும்தான் அந்தச் சத்தம் சாட்சி, முழுதாக அடைத்தது என்பதற்கு அல்ல. மின் முனையில் வோல்டேஜையும் அளக்க வேண்டும், அதுவும் பம்பு ஓடும்போது. இந்த விமானங்களில் உலோக உடலை எர்த்தாகப் பயன்படுத்தும் வசதி இல்லை. எர்த்துக்கும் தனிக் கம்பிதான் போகிறது. அதன் ஒரு முனை துருப்பிடித்தாலே வால்வு அரைகுறையாக நகரும்.

தரையில் எல்லாம் சரி, மேலேதான் தகராறு என்பதுதான் உண்மையான தலைவலி. முதல் சந்தேகம் ஈரம். 24,000 அடியில் வெளியே சுமார் மைனஸ் 32 டிகிரி. பம்பு உறிஞ்சிய ஈரக்காற்றிலிருந்து நீர் பிரிந்து, குளிரும் இடத்தில் இருக்கும் வால்வுக்குள் உறைந்தால் அது மூடாது. இறங்கினதும் உருகிவிடும், தடயமே இருக்காது. அடுத்தது பம்பு இருக்கும் இடம். அறைக்குள் இருந்தால் 10.7ஐ 22.7 ஆக, இரண்டு மடங்குக்குச் சற்று மேலே அமுக்கினால் போதும். அழுத்த அறைக்கு வெளியே வைத்திருந்தால் 5.7ஐ நான்கு மடங்காக்க வேண்டும். தரையில் சுறுசுறுப்பாக ஓடிய பம்பு அங்கே மூச்சுத் திணறும். பிரஷர் சுவிட்ச் சீலின் அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மறுபக்கத் துளை வெளிக்காற்றைப் பார்த்தபடி இருந்தாலும் இதே வம்பு: அது 12 என்று நினைத்து நிறுத்தும்போது அறையோடு ஒப்பிட்டால் சீலில் வெறும் 7தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று, இது கோளாறு அல்ல, வடிவமைப்பு. மின்சாரம் போனால் சோலினாய்டு எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? காற்றை விட்டுவிடும் பக்கம் என்றால், மேலே ஒரு ஃபியூஸ் போனதும் சீல் தளர்ந்து அறை அழுத்தம் இறங்கும். 25,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் தெளிவாகச் செயல்பட முடிவது மூன்று முதல் ஐந்து நிமிடம்தான். எனவே மின்சாரம் கொடுத்தால் மட்டும் திறக்கும் வால்வே நல்லது என்பது என் கட்சி. ஆனால் தரையில் விபத்து நடந்து பேட்டரி செத்துவிட்டால், உப்பிய சீல் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திறக்க விடாது. அதற்குக் கையால் திருகும் ஒரு வால்வு வேண்டும், உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் எட்டும் இடத்தில்.