ஓடின்: பெயருக்குள் இருக்கும் வெறி

நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவியப் புராணங்களின் தலைமைக் கடவுள் ஓடின். தமிழில் எழுதியதுமே சிக்கல்: 'ஓடினால்' என்றுதான் நம் காதில் விழுகிறது. பழைய நார்ஸ் மொழியில் நடுவே வருவது 'ட' இல்லை, 'அது' என்கையில் வருகிற மெல்லிய 'த'. 'ஓதின்' என்று எழுதினால் மூலத்துக்கு நெருக்கம்.

உடனே 'ஓது' என்ற வினையோடு முடிச்சுப் போட ஒருவர் கிளம்புவார். கவிதைக்கும் ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்துக்கும் உரிய கடவுளாயிற்றே, பொருந்துகிறதே! தற்செயல்தான். பெயரின் பழைய வடிவம் 'வோதனஸ்'. நார்ஸ் மொழி முதலிலிருந்த 'வ'வை உதிர்த்துவிட்டது. பழைய ஆங்கிலம் அதை விடாமல் 'வோடன்' என்றது. ஆங்கிலத்தின் வெட்னஸ்டே அவன் நாள். ரோமர்கள் தங்கள் கடவுள் மெர்க்குரிக்குக் கொடுத்திருந்த நாள் அது; கோள் ஒன்றுக்கும் அவர் பெயர்தான். நாம் புதன் என்பதும் அதே கோளைத்தான்.

சரி, வோதனஸ் என்றால்? முன்பாதி வெறி, ஆவேசம்; '-னஸ்' என்ற ஈறு அதற்குத் தலைவன் என்று காட்டுவது. 11ஆம் நூற்றாண்டில் பிரேமன் நகரப் பாதிரியார் ஆதாம் "வோதன், அதாவது வெறி" என்றே லத்தீனில் எழுதிவைத்தார். ஜெர்மனில் கடுங்கோபத்தைக் குறிக்கும் 'வூட்' இதற்கு உறவு. லத்தீனில் குறி சொல்பவனையும் கவிஞனையும் சேர்த்துக் குறிக்கும் 'வாத்தேஸ்' என்ற சொல்லையும் உறவாகச் சொல்வார்கள். நார்ஸிலேயே 'ஓத்ர்' என்ற சொல்லுக்கு வெறி, உள்ளம், கவிதை மூன்றும் பொருள். போர்க்களத்து ஆவேசமும் பாட்டு பிறக்கும் ஆவேசமும் அவர்களுக்கு ஒன்றுதான்.

ஆகவே 'சினம்' என்று பெயர்த்தால் பாதிதான் வரும். சங்கப் பாடல்களில் முருகனின் பூசாரியான வேலன் ஆடும் வெறியாட்டு இருக்கிறதே, அந்த 'வெறி' கச்சிதம். முருகன் மேலேற ஆடுகிறான். அப்புறம் வாயில் குறி வருகிறது. ஆனால் சாதிவெறி, குடிவெறி என்று அந்தச் சொல்லை இன்று கெடுத்து வைத்திருக்கிறோம். கோயில் கொடைகளில் சொல்கிற 'மருள்' பரவாயில்லை, கவிதை அதில் ஒட்டாவிட்டாலும். பொருள் சொல்ல வேண்டிய இடத்தில் 'மருளின் தலைவன்' என்பேன். பெயராக எழுதும்போது ஓடினை மாற்ற வேண்டாம், பழகிவிட்டது.

பெயரின் மிகப் பழைய எழுத்துச் சான்று டென்மார்க்கின் வின்டெலேவில் 2020இல் கிடைத்த புதையலில் இருந்த ஒரு பொன் பதக்கம். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ரூன் எழுத்தில், 'இவன் ஓடினின் ஆள்'.