ஒத்தைக்குக் கடலோரம் போய் இருந்துவிட்டு வர: கார் இல்லாதவர்களுக்கு ஒரு மருத்துவரின் யோசனைகள்

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் ஒரு சாராருக்கு மாத்திரையைவிட ஓய்வுதான் தேவை. படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள், இரவு டியூட்டி முடிந்து வந்து வீட்டு வேலையையும் செய்யும் நர்ஸ், கணவர் வளைகுடாவில் இருக்க, வீடு, பிள்ளைகள், வங்கிக் கடன் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் சுமக்கும் பெண், மனைவி போனபின் தூக்கம் தொலைத்த ஓய்வுபெற்ற ஆசிரியர். தலைவலி, படபடப்பு, தூக்கமில்லை என்று வருவார்கள். ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் சரியாக இருக்கும். "எங்கேயாவது கடல் பக்கம் போய் ரெண்டு மூணு நாள் இருந்துட்டு வாங்க" என்றால் உடனே கேட்பார்கள்: "ஒத்தைக்கா டாக்டரே? காரும் இல்லாம எப்படிப் போறது?"

காரில்லாமல் போவதுதான் இந்த ஓய்வுக்கு நல்லது என்பது என் எண்ணம். கார் இருந்தால் அலைச்சலும் கூடவே வந்துவிடும். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிடுவோம், திற்பரப்பில் குளித்துவிட்டுப் போவோம்" என்று நாள் ஓடிவிடும். ஓட்டுகிறவருக்கு மார்த்தாண்டம் நெரிசல்தான் மிச்சம். பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர் ஓர் ஊரில் இறங்கினால் அங்கேயே இருப்பார். அதனால் ஊரைவிட அறையைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். கடல், சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை, பஸ் நிறுத்தம் நான்கும் அறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேறு அறை பாருங்கள்.

நம் பக்கத்தில் இதற்குச் சரிப்பட்டு வரும் இடங்கள் மூன்று.

கோவளம் திருவனந்தபுரம் நகரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். தம்பானூரில் ரயிலோ பஸ்ஸோ இறங்கி, கிழக்கே கோட்டை (ஈஸ்ட் ஃபோர்ட்) பஸ் நிலையத்துக்குப் போனால் கோவளம் பஸ் அடிக்கடி உண்டு. கலங்கரை விளக்கம் இருக்கிற கடற்கரையில் மணலை ஒட்டியே நடைபாதை போகிறது. அறைகளும் கடைகளும் அந்தப் பாதையிலேயே இருப்பதால் முட்டுவலிக்காரர்களை நான் இங்கேதான் அனுப்புவேன். ஒரு விஷயம்: நம் ஊர் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எல்லை தாண்டி ஆனவண்டியில், அதாவது கேரள அரசு பஸ்ஸில், ஏறினால் அந்தத் தமிழ்நாட்டுச் சலுகை செல்லாது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை மலையாளத்தில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் நடத்துநரிடம் தமிழிலேயே கேட்கலாம்.

வர்க்கலாவுக்கு ரயில்தான் வசதி. நாகர்கோவில், குழித்துறை வழியாகக் கொல்லம் போகும் சில ரயில்கள் வர்க்கலா சிவகிரி ஸ்டேஷனில் நிற்கும். இல்லாவிட்டால் திருவனந்தபுரத்தில் மாறலாம். ஸ்டேஷனிலிருந்து கடலுக்கு ஏறக்குறைய 3 கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். செம்மண் குன்று நேராகக் கடலுக்குள் இறங்குகிற இடம் அது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. குன்றின் மேலே நடந்துகொண்டே கடலைப் பார்க்கலாம், மனசுக்கு அவ்வளவு நல்லது. ஆனால் மணலுக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை. முட்டு தேய்ந்தவர்கள் வர்க்கலாவிலேயே இருக்கும் பாபநாசம் கடற்கரைப் பக்கம் அறை எடுக்க வேண்டும், அங்கே சாலையே கடற்கரை வரை இறங்குகிறது. குன்றின் விளிம்பு அரித்துச் சரியக்கூடிய மண், இருட்டிய பின் அதையொட்டி நடக்க வேண்டாம்.

கன்னியாகுமரியை நம் ஆட்கள் விடுமுறை ஊராகவே நினைப்பதில்லை. ஸ்டேஷனிலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடலாம். அறைகளுக்கும் சைவச் சாப்பாட்டுக்கும் பஞ்சமே இல்லை. பாறை நிறைந்த கரை என்பதால் குளிக்கிற ஆசையை விட்டுவிட்டு, உட்கார்ந்து பார்க்கிற கடலாக எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாகப் போகிற முதியவர்களுக்கு அதுவே பாதுகாப்பு.

முட்டம், சொத்தவிளை, தேங்காய்ப்பட்டணம் எல்லாம் அழகான கடற்கரைகள்தான், எனக்கும் பிடிக்கும். ஒரு நாள் போய் வரலாம். தங்கி ஓய்வெடுக்க வேண்டிய தனி ஆளுக்கு, இருட்டியபின் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் சிரமம். பூவாறில் நெய்யாறு கடலில் சேர்கிற பொழிமுகத்தைப் படகில் போய்ப் பார்க்கலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது.

எப்போது போவது? ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. ஜூன் தொடங்கியதும் தென்மேற்குப் பருவமழை வந்து செப்டம்பர் வரை இந்தக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். கார்த்திகை, மார்கழியில் கன்னியாகுமரி ஐயப்ப பக்தர்களால் நிறைந்துவிடும். டிசம்பர் கடைசியில் நாராயண குருவின் சமாதிக்குப் போகும் சிவகிரி தீர்த்தாடனம் (புனித யாத்திரை) நடக்கும்போது வர்க்கலாவில் அறை கிடைப்பது கஷ்டம். ஆற்றுக்கால் பகவதி கோவில் பொங்கல் மாசியில் வரும், அந்த நாளையொட்டித் திருவனந்தபுரம் ரயில், பஸ் எதிலும் நிற்கக்கூட இடமிருக்காது. ஹர்த்தால் (முழு அடைப்பு) அறிவித்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பஸ்ஸை நம்ப முடியாது, ரயில் ஓடும்.

இனி கடல். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப் போனது. நண்பர்களோடு கூட்டமாக வந்த பிள்ளைகள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. கள்ளக்கடலுக்கு மழையோ காற்றோ இங்கே இருக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை இங்கே வந்து ஏறும். வானம் தெளிவாக இருக்கும், கடல் திடீரென்று கரைக்குள் நுழையும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். கடல் நிலையைக் கணிக்கும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, செய்திகளிலும் வரும். அந்த அறிவிப்பு இருக்கிற நாளில் கால் நனைக்கக்கூடப் போக வேண்டாம்.

இன்னொன்று, உள்ளே இழுக்கும் நீரோட்டம். கரையில் அடித்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருப்பாகத் தெரியும். "இங்கேதான் அலை இல்லை" என்று அதில் இறங்குகிறார்கள். இழுப்பதே அந்தப் பட்டைதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திச் சக்தியைத் தொலைக்கக் கூடாது. மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பலாம். தனியாகப் போகிறவருக்கு நான் சொல்வது: உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில், பகலில், முழங்காலுக்கு மேல் தண்ணீர் வராமல். சிவப்புக் கொடி நட்டிருந்தால் அதுவும் இல்லை.

மருத்துவமனையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒன்று, சுடுமணலில் வெந்த பாதம். சர்க்கரை நோய் நீண்ட நாள் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். மத்தியானம் மணலில் வெறுங்காலோடு நடந்துவிட்டு, இரவு கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். அது புண்ணாகி ஆற மாதக்கணக்கு ஆகும். மணலிலும் தண்ணீரிலும் செருப்பைக் கழற்றாதீர்கள், தினமும் இரவு பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இன்சுலினை வெயிலில் கிடக்கும் பையில் வைத்தால் வீரியம் போய்விடும், அறையிலேயே குளிர்ச்சியாக வைக்கலாம். மரச்சீனியும் மீன் குழம்பும் சாப்பிடத்தான் போகிறீர்கள், மரச்சீனியை மட்டும் அளவாக எடுங்கள். சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் அதிக நேரம் நின்றால் தலைசுற்றி விழலாம். கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்து, தங்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. மருந்துகளை இரண்டு நாள் கூடுதலாக எடுத்து, தோளில் மாட்டும் பையிலேயே வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு இரண்டு மாநிலத்திலும் 108தான்.

சிலரை நான் தனியாக அனுப்புவதில்லை. வலிப்பு வருகிறவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து மயங்குகிறவர்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்று நினைக்கத் தொடங்கியவர்களுக்கும் தனிமை மருந்தல்ல. அவர்கள் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். உங்கள் அப்பாவோ அக்காவோ அப்படிப் பேசினால், தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள்.

பெண்கள் அறை எடுக்கும்போது முன்கூட்டியே போன் செய்து, "நான் ஒரு ஆள்தான், பெண், இத்தனை இரவு" என்று நேராகவே சொல்லுங்கள். இழுத்துப் பேசினால் அந்த இடம் வேண்டாம். அடையாள அட்டை கேட்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருகிற மாதிரி ரயில் பாருங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்று ஒரே ஒரு ஆளுக்குச் சொன்னால் போதும், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை.

முதல் நாள் பெரும்பாலும் சுகமாக இருக்காது. கை வேலை தேடும், வீட்டு நினைப்பு வரும். அதற்காக அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட வேண்டாம். நிறைய பேருக்கு இரண்டாம் நாள்தான் நல்ல தூக்கம் வருகிறது.

வீட்டில் நோயாளியை விட்டுப் போகிறவர்களுக்கு அறைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, திரும்பிப் படுக்க வைப்பது எப்போது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாத்தனாரோ பக்கத்து வீட்டுச் சேச்சியோ, பொறுப்பேற்கிற ஆளை ஒரு நாள் முழுக்க உங்களோடு வைத்துப் பழக்குங்கள். எதற்கெல்லாம் உங்களைப் போனில் கூப்பிடலாம், எதற்கெல்லாம் நேராக என்னைப் போன்ற மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். முதல் தடவைக்கு இரண்டு இரவு போதும். வார நடுவில் போனால் கூட்டமும் குறைவு.