பாறு கழுகு செய்த வேலைக்கு என்ன மதிப்பு?

"காட்டுக்கு இத்தனை கோடி, சதுப்பு நிலத்துக்கு இத்தனை கோடி என்கிறார்களே, சந்தையில் விற்காத ஒன்றுக்கு விலையை எங்கிருந்து பிடிக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வழிகள் பல. ஏரி செய்யும் வேலையை எந்திரத்தைக் கொண்டு செய்தால் எவ்வளவு செலவாகும் என்று பார்க்கலாம். அந்த ஏரிக்காக எவ்வளவு தருவீர்கள் என்று மக்களிடமே கேட்கலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: இயற்கையில் ஒன்று திடீரென்று இல்லாமல் போகும்போது எங்கே என்ன கெட்டது என்று அளப்பது. அதற்கு, செத்த மாடுகளைத் தின்று தீர்க்கும் நம் நாட்டுப் பாறு கழுகுகளைவிட நல்ல சான்று கிடையாது.

கதை பலருக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் இவை கோடிக்கணக்கில் இருந்தன. காப்புரிமை முடிந்து விலை சரிந்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, 1994 வாக்கில் மாட்டு வைத்தியத்துக்கு வந்தது. மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்புபோலப் படிய, சில நாட்களில் அதுவும் செத்தது. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு இதை உறுதிசெய்தது 2004இல்தான். 2007க்குள் இவற்றில் ஒரு வகையான வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிந்துவிட்டது.

சரி, இந்த இழப்பு மனிதர்களை எவ்வளவு பாதித்தது? வெறுமனே 1994க்கு முன், பின் என்று சாவு எண்ணிக்கையை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். அந்த ஆண்டுகளில் நாட்டில் எத்தனையோ மாறின: வருமானம், சாலை, மருத்துவமனை. இயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் இங்கேதான் அழகான வேலை செய்தார்கள். இந்திய மாவட்டங்களை, பாறு கழுகுகள் வாழ ஏற்றவை, அவ்வளவாக ஏற்காதவை என்று வாழிட வரைபடங்களை வைத்துப் பிரித்தார்கள். சாலையும் மருத்துவமனையும் இரண்டு வகை மாவட்டங்களிலும்தான் மாறின. கழுகு போனதன் பாதிப்போ முதல் வகையில்தான் பெரிதாக விழும். 1994க்கு முன் இரண்டு வகையிலும் இறப்பு விகிதம் ஒரே போக்கில் போகிறது. அதன் பிறகு பிரிகிறது. கழுகுகள் வாழ்ந்த மாவட்டங்களில் இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. முன்பு சேர்ந்தே போய்க்கொண்டிருந்த இரண்டு கோடுகள் பிரிகிற அந்த இடைவெளிதான் கழுகின் வேலை. யாரும் திட்டமிடாத ஒரு சோதனையிலிருந்து இப்படி விடை எடுப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

அவர்கள் அதோடு விடவில்லை. உண்மையிலேயே காரணம், தின்னக் கழுகு இல்லாமல் கிடந்து அழுகும் மாட்டுப் பிணங்கள்தான் என்றால் வேறு தடயங்களும் இருக்க வேண்டும் அல்லவா? இருந்தன. தெருநாய்கள் பெருகியிருந்தன, ரேபிஸ் தடுப்பூசி விற்பனை ஏறியிருந்தது, ஆற்று நீரின் தரம் கெட்டிருந்தது.

அப்புறம் பணக் கணக்கு. 2000 முதல் 2005 வரை ஆண்டுக்குச் சுமார் 1,04,400 கூடுதல் மரணங்கள். ஆபத்தான வேலைக்குப் போகிறவர்கள் எவ்வளவு கூடுதல் கூலிக்குச் சம்மதிக்கிறார்கள் என்பதுபோன்ற தரவுகளிலிருந்து, ஓர் உயிரைக் காக்கச் சமூகம் தரும் மதிப்பைக் கணக்கிடுவார்கள். இந்த ஆய்வில் இந்தியாவுக்கு எடுத்துக்கொண்டது 6,65,000 டாலர். பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,940 கோடி டாலர். உயிருக்கு விலை போடுவது பலருக்கு உறுத்தும். ஆனால் எண் போடாவிட்டால் அரசின் வரவுசெலவுக் கணக்கில் கழுகின் மதிப்பு பூஜ்யம் என்றே இருக்கும்; அது இதைவிட மோசம்.

பிணந்தின்னி, அபசகுனம் என்று நாம் முகம் சுளித்த பறவை செய்த வேலை இது. அந்த மூடநம்பிக்கையைவிட என்னை வருத்துவது இன்னொன்று: பறவைகள் மலிந்திருக்கும்போதே ஆண்டுதோறும் எண்ணிவைக்கிற சலிப்பூட்டும் ஆய்வுக்கு இங்கே பணம் கிடைப்பது கடினம். பழைய எண்ணிக்கை கையில் இல்லையென்றால், சரிவு தொடங்கியதே தெரியாமல் போய்விடும்.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006இல் தடைசெய்யப்பட்டது. மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்து அப்போதே இருந்தது. ஆனால் மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசெக்ளோஃபெனாக்கைத் தடைசெய்ய 2023 வரை ஆயிற்று. நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டும் பாறுகளுக்காகவாவது இந்த வரிசையை மாற்ற வேண்டும்: கால்நடைக்கான வலி மருந்து எதுவானாலும் முதலில் கழுகுக்குப் பாதுகாப்பானதா என்று சோதித்து, அதன் பிறகே விற்பனைக்கு அனுமதி. அந்தச் சோதனைக்கு ஆகும் செலவை 6,940 கோடி டாலரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.